சித்தப்பாவின் ஆறடிக் குழாய்

1

எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் இந்த முறை பதினான்காவது விவாதப் பொருள் இரண்டு மஞ்சள் பாதங்கள். துணி துவைக்கும் அறையின் தரையில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர்தான். கொரோனா நாட்களில், வரிசையில் வருகிறவர்கள் தள்ளி நிற்கட்டும் என்று ஒட்டியது. நோய் போனது, வரிசை போனது, பாதங்கள் மட்டும் அங்கேயே நிற்கின்றன.

நான் இருப்பது சுவீடனில், உப்சாலா என்கிற ஊரில். வந்து பதினேழு வருடம் ஆகிறது. இந்த ஊரில் ஒரு ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி எடுத்துவிட முடியாது. மூன்றாம் மாடி லென்னார்ட் எழுந்து, அது தீர்மானம் போட்டு ஒட்டியது, அந்தத் தீர்மானத்தில் முடிவு நாள் எதுவும் எழுதவில்லை, ஆகவே இன்றைக்கும் செல்லும் என்றார். கீழ்வீட்டு அம்மாள், எடுக்கலாம், ஆனால் பசையோடு தரையும் பெயர்ந்து வந்தால் யார் பொறுப்பு என்று கேட்டார். இன்னொருவர், தனக்கு அந்தப் பாதங்களின் மேல் நின்றே பழகிவிட்டது, வேறு இடத்தில் நின்றால் துணி சரியாக வெளுத்த மாதிரி தெரியவில்லை என்றார். யாரும் சிரிக்கவில்லை. முக்கால் மணி நேரம் பேசி, மூன்று பேர் கொண்ட குழு ஒன்றை அமைத்தார்கள். வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்ததால், நடுநிலையாளன் என்று என்னையும் அதில் சேர்த்தார்கள்.

அப்போதுதான் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. சித்தி அனுப்பிய அழைப்பிதழ். வருகிற மாசியில் சித்தப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம், திருக்கடையூரில். மேசைக்குக் கீழே வைத்து விரலால் பெரிதாக்கிப் படித்தேன். உங்கள் வரவை விரும்புகிறவர்கள் என்று ஒரு பட்டாளமே இருந்தது. மகன், மருமகள், மைத்துனர்கள், சித்தியின் ஒன்றுவிட்ட தம்பி, அவருடைய சம்பந்தி வரைக்கும். என் அப்பாவின் பெயர் இல்லை.

நம் பக்கத்தில் இதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கூடப்பிறந்த அண்ணன், எதிர்வீட்டில் இருக்கிறவர், அழைப்பிதழில் முதல் பெயராக வர வேண்டியவர். கல்யாணத்தன்று தட்டிலிருந்து தாலியை எடுத்துத் தம்பி கையில் கொடுக்க வேண்டியவர். அவரை விட்டுவிட்டு அச்சடித்தால் உறவை முடித்துவிட்டோம் என்று ஊருக்கு எழுதிக் கொடுத்த மாதிரி.

அண்ணனும் தம்பியும் பேசி ஐந்தரை வருடம் ஆகிறது. காரணம் ஒரு பி.வி.சி. குழாய் என்று ஊரில் சொல்வார்கள். குழாய் பாவம். காரணம் நான். அது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று அன்றுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

2

சீர்காழியிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் எங்கள் ஊர். சித்தப்பா அரசுப் பள்ளியில் பி.டி. வாத்தியாராக இருந்தார். கொரோனாவுக்காகப் பள்ளிக்கூடத்தை மூடியதும் அவரால் வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை. விசிலை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார். ஊரே அவருக்கு மைதானம் ஆகிவிட்டது.

ரேஷன் கடை வாசலில் டேப் வைத்து அளந்து, ஆறடிக்கு ஒன்றாகச் சுண்ணாம்பில் வட்டம் போட்டார். கபடி கோர்ட் போட்ட கை, வட்டங்கள் அத்தனை லட்சணமாக இருந்ததாக அம்மா சொன்னாள். மறுநாள் காலையில் ஜனங்கள் வந்தார்கள். வட்டத்துக்கு ஒரு செருப்பை, ஒரு பையை, இல்லாதவர்கள் ஒரு செங்கல்லை வைத்தார்கள். பிறகு எல்லோருமாகப் போய் வேப்பமர நிழலில் தோளோடு தோள் இடித்து உட்கார்ந்து, நோய் எப்படிப் பரவுகிறது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். செருப்புகள் மட்டும் வெயிலில் இடைவெளி விட்டு, அரசாங்கம் சொன்னதைக் கேட்டு நடந்துகொண்டன. சித்தப்பாவுக்கு விசில் ஊதி ஊதி வாய் வலித்துப் போனது.

அப்பா எதிர்க்கட்சி. ஆறு ஏக்கர் நெல், நாலு ஊருக்குக் கேட்கிற குரல், உடம்பில் சர்க்கரை, கொஞ்சம் நடந்தால் மூச்சிரைப்பு. மாஸ்க்கைப் பார்த்தாலே அவருக்கு ஆகாது.

"போரடிக்கிற மாட்டுக்கு வாய்க்கூடு போடறது, அது நெல்லைத் தின்னுடும்னு. நான் எவன் நெல்லைத் தின்னேன்?" என்று டீக்கடையில் கேட்பாராம்.

அவருடைய நம்பிக்கை கசாயம். பிள்ளையார் கோயில் வாசலில் அண்டா வைத்துக் கபசுரக் குடிநீர் காய்ச்சி ஊற்றினார். கூட்டத்தில் பரவுகிற நோய்க்கான மருந்தை வாங்க, தேர் வடம் பிடிக்கிற அளவுக்குக் கூட்டம். நடுவில் சித்தப்பா விசிலோடு. இரண்டு பேரும் எல்லோருக்கும் முன்னால் மோதிக்கொண்டார்கள்.

"அண்ணே, ஆறடி தள்ளி நிக்கச் சொல்லுங்க."

"தள்ளி நின்னா கசாயத்தை எப்படிடா ஊத்தறது? தூக்கி எறியவா?"

வேறு யாராக இருந்தாலும் அது பதில் சொல்ல வேண்டிய கேள்வி இல்லை என்று விட்டிருப்பார்கள். சித்தப்பா மறுநாள் காலை போர்செட் கொட்டகையிலிருந்து ஆறடி பி.வி.சி. குழாய் ஒன்றை அறுத்துக்கொண்டு வந்தார். ஒரு முனையில் மண்ணெண்ணெய்ப் புனல். நடுவில் தாங்குவதற்கு மூங்கில் முக்காலி. இந்தப் பக்கம் கசாயத்தை ஊற்றினால் அந்தப் பக்கம் டம்ளரில் வரும். ஊர் இரண்டாகப் பிரிந்தது. குழாயில் வாங்கிக் குடித்தவர்கள் ஒரு கட்சி, அண்டாவில் மொண்டு குடித்தவர்கள் ஒரு கட்சி. கசாயம் ஒன்றுதான்.

3

அந்தச் சமயத்தில்தான் சித்தப்பா எனக்குப் போன் செய்தார்.

"அங்கல்லாம் எப்படிடா? மாஸ்க் போடறாங்களா?"

உண்மையைச் சொன்னால், போடவில்லை. அன்றைக்கு இங்கே யாரும் போடச் சொல்லவும் இல்லை. கடைகள் திறந்திருந்தன. என் மகள் கயல் தினமும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். ஆபீஸில் என் கூட வேலை பார்க்கிறவர்களே இது சரியா தப்பா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து, ஆனால் குரலை உயர்த்தாமல், மின்னஞ்சலில் சண்டை போட்டார்கள்.

இதைச் சித்தப்பாவிடம் சொன்னால் அது அப்பா காதுக்குப் போகும். அப்பா அதை டீக்கடையில் கொடியேற்றுவார். எனக்குப் பயமாக இருந்தது. அப்பா மூச்சு முட்டிப் படுப்பதாகவும், விமானம் இல்லாமல் நான் இங்கேயே நிற்பதாகவும் தினமும் மனசுக்குள் படம் ஓடியது. அந்தப் பயத்தில் சொன்னேன்.

"எல்லாரும் போடறாங்க சித்தப்பா. போடலைன்னா பஸ்ல ஏத்த மாட்டாங்க."

"அப்படியா? ஒரு போட்டோ எடுத்து அனுப்பு."

எங்கெங்கோ தேடி ஒரு மாஸ்க் வாங்கி, பஸ் நிறுத்தத்தில் நின்று போட்டுக்கொண்டேன். கயல்தான் படம் எடுத்தாள், அப்போது அவளுக்கு ஒன்பது வயது. நிறுத்தத்தில் இருந்த கிழவி என்னைப் பார்த்ததும் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டார். படத்தை அனுப்பிவிட்டு மாஸ்க்கைக் கழற்றிப் பையில் போட்டேன். அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

ஒரு வாரத்தில் ரேஷன் கடைச் சுவரில் எனக்கு ஃபிளெக்ஸ் வைத்துவிட்டார்கள். பத்தடிக்கு ஆறடி. "சுவீடனில் நம் ஊர்ப் பிள்ளை! முகக்கவசம் அணிவோம்!" என்று கொட்டை எழுத்து. கீழே முக்கால் முகம் மறைந்த நான். அப்பா போய்ப் பார்த்துவிட்டு வந்து எனக்குப் போன் செய்தார்.

"மூஞ்சைப் பூரா மூடிக்கிட்டு நிக்கிறியே, அது எவன் புள்ளைன்னு எவனுக்குத் தெரியும்?" என்றார். ஆனால் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. மறுநாளிலிருந்து டவலையாவது மூக்கில் சுற்றிக்கொண்டு போனார் என்று அம்மா சொன்னாள். பொய்க்குப் பலன் கிடைத்துவிட்டது. பலன் கிடைத்த பொய்யைத் திரும்ப வாங்குவது எவ்வளவு கஷ்டம் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

4

இதற்கு நடுவில் அப்பாவுக்கு அறுபது முடிந்தது. சார்வரி வருஷம் ஆடியில் பிறந்தவர், அடுத்த சார்வரி ஆடியில் அந்த நட்சத்திரத்தில் செய்தாக வேண்டும். திருக்கடையூரில் கோயில் நடை பக்தர்களுக்குத் திறக்கவில்லை. வீட்டுக் களத்திலேயே பந்தல் போடுவது என்று முடிவானது. பேராவூரணியில் இருக்கும் அத்தை வர வேண்டும். மாவட்டம் தாண்ட இ-பாஸ் வேண்டும். உப்சாலாவில் உட்கார்ந்துகொண்டு விண்ணப்பம் போட்டது நான்.

பயணக் காரணம் என்ற இடத்தில் மூன்றே மூன்று: மருத்துவம், இறப்பு, திருமணம். திருமணத்தைத் தொட்டேன். மணமகன் வயது கேட்டது, அறுபது என்று போட்டேன். மணமகள் வயது ஐம்பத்தைந்து. மறுநாள் அத்தைக்கு ஓர் அதிகாரி போன் செய்திருக்கிறார். அத்தை எனக்கு அப்படியே சொன்னாள்.

"மாப்பிள்ளை வயசு அறுபதுன்னு இருக்கே, தப்பா அடிச்சிட்டீங்களாம்மா?"

"இல்லைங்க, சரிதாங்க."

"ரெண்டாம் தாரமா?"

"அய்ய, அதெல்லாம் இல்லைங்க. அதே பொண்ணுதான்."

"ஏம்மா, ஆடி மாசத்துல யாராச்சும் கல்யாணம் வைப்பாங்களா?"

"எங்கம்மா ஆடியில பெத்துட்டாங்க, நாங்க என்னங்க பண்றது."

அதிகாரி போனை வைத்துவிட்டாராம். பிறகு பாஸ் வந்துவிட்டது.

5

கல்யாண நாளன்று என்னைப் பந்தல் காலில் கட்டியிருந்தார்கள். அதாவது, வீடியோ ஓடுகிற போனை. நான் இங்கே காலை ஐந்து மணிக்கே வேட்டி கட்டிக்கொண்டு, கையில் காப்பியோடு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் கயல், தூக்கக் கலக்கத்தில் வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தாள்.

அறுபதாம் கல்யாணத்தில் முக்கியமே கலசத் தண்ணீர்தான். அப்பாவையும் அம்மாவையும் பலகையில் உட்கார வைத்து, பிள்ளைகளும் உறவுகளும் ஒவ்வொருவராகக் கிட்டே போய்த் தலையில் ஊற்ற வேண்டும். அதை ஆறடி தள்ளி நின்று எப்படிச் செய்வது? நீங்கள் நினைப்பது சரி. கசாயக் குழாய்க்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, முக்காலியில் ஏற்றித் தயாராக நிறுத்தியிருந்தார் சித்தப்பா. விசில் கழுத்தில். அப்பா முறைத்துக்கொண்டே பலகையில் உட்கார்ந்தார். அம்மா கேட்டுக்கொண்டதற்காகத்தான் அவ்வளவு தூரம் இறங்கி வந்திருந்தார்.

முதலில் அத்தை ஊற்றினாள். புனலில் ஊற்றிய தண்ணீர் வேகமாகப் பாய்ந்து, அப்பாவைத் தாண்டிப் போய் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்த குருக்கள் முகத்தில் அடித்தது. சித்தப்பா விசில் ஊதி நிறுத்தி, சாய்வைச் சரிசெய்தார். இரண்டாவது முறை குறி சரியாக இருந்தது. ஆனால் குழாய்க்குள் எங்கேயோ காய்ந்து ஒட்டியிருந்த கசாயம் முழுதும் கரைந்து வந்து, அம்மாவின் அரக்குப் பட்டுப் புடவையில் பச்சையும் கறுப்புமாக இறங்கியது.

அப்பா எழுந்துவிட்டார்.

"போதும்டா உன் சர்க்கஸ். எல்லாரும் கிட்ட வந்து ஊத்துங்க."

"அண்ணே, உட்காருங்க. உங்க உசிருக்குத்தான் சொல்றேன். சுவீடன்லயே மாஸ்க் இல்லாம வெளிய விடறதில்ல."

"எதுக்கெடுத்தாலும் சுவீடன் சுவீடன்னுட்டு. அவன் போன்லதான இருக்கான். கேளு, எல்லாரும் கேக்கட்டும்."

சித்தப்பா வந்து போனைக் கட்டிலிருந்து அவிழ்த்தார். அவர் முகத்தில் எந்தச் சந்தேகமும் இல்லை. ஜெயிக்கப் போகிறவரின் முகம். திரையில் முன்னால் தெரிந்தது கயல், அதனால் அவளிடமே கேட்டார்.

"பாப்பா, உங்க ஊர்ல எல்லாரும் மாஸ்க் போடறாங்கதானே?"

கயலிடம் இருந்த தமிழ் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தை வைத்து உண்மை மட்டும்தான் சொல்ல முடியும். பொய் சொல்ல இன்னும் நாலு வார்த்தை தெரிந்திருக்க வேண்டும்.

"இல்ல. இங்க யாரும் போடல. அப்பா மட்டும் ஒரு தடவ போட்டாரு. போட்டோவுக்கு."

சொல்லிவிட்டு மிச்சப் பழத்தோடு எழுந்து என் முதுகுக்குப் பின்னால் போய்விட்டாள். பிறகு அப்பாவின் குரல் வந்தது.

"போட்டோவுக்கு வேஷம் போடச் சொன்னியாடா என் புள்ளைய? அவன் பேரை வச்சு ஊரை ஏமாத்தினியா?"

என்னை அவர் சந்தேகப்படவே இல்லை. தம்பிதான் செய்திருப்பான் என்று அந்த நிமிடமே முடிவு கட்டிவிட்டார். எல்லோரும் போன் பக்கம் திரும்பினார்கள். "சொல்லுடா தம்பி" என்று யாரோ சொன்னார்கள். நான் சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம். சித்தப்பா இல்லை, நான்தான்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அசையாமல் உட்கார்ந்துவிட்டேன். வாய் பாதி திறந்தபடி, காப்பிக் கோப்பை பாதி தூக்கியபடி, கண் இமைக்காமல். நெட்வொர்க் போய்ப் படம் உறைந்துவிட்ட மாதிரி நடித்தேன். முப்பத்தெட்டு வயது, பதினொரு வருட வெளிநாட்டு வாழ்க்கை, பெரிய கம்பெனி வேலை, அத்தனையும் சேர்ந்து எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தது அதுதான். கோப்பையிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. கண் எரிந்தது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று தெரியவில்லை.

சித்தப்பா திரையைக் கிட்டே வைத்து என்னையே பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "நெட்வொர்க் போயிடுச்சு" என்றார். போனை அணைத்தார்.

மிச்சத்தை அம்மா சொன்னாள். சித்தப்பா மாஸ்க்கைக் கழற்றி, மடித்துச் சட்டைப் பையில் வைத்தாராம். விசிலையும் கழற்றினாராம். அண்ணன் தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாமல், குழாயை அப்படியே விட்டுவிட்டுத் தெருவைக் கடந்து வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாராம். மறுவாரம் ஃபிளெக்ஸைக் கழற்றிவிட்டார்கள். யாரோ ஆட்டுக்கொட்டகைக்கு மழைக்குக் கட்டிக்கொண்டார்களாம்.

6

அதன் பிறகு இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருப்பது முப்பதடித் தெரு. செய்தி போவதும் வருவதும் உப்சாலா வழியாக. "எதிர்வீட்டுல ஆம்புலன்ஸ் நின்னுச்சே, என்னான்னு கேளு" என்று அப்பா எனக்குப் போன் செய்வார். நான் சித்தியைக் கூப்பிட்டுக் கேட்டு, முட்டிவலி ஆபரேஷன், ஒன்றுமில்லை என்று திரும்பச் சொல்வேன். "நான் கேட்டேன்னு சொல்லிடாத" என்பார். சித்தப்பாவும் அப்படித்தான். அண்ணனுக்குச் சர்க்கரை எவ்வளவு என்று ஏழாயிரம் கிலோமீட்டர் சுற்றி விசாரிப்பார். இருவருக்கும் நான்தான் நல்ல பிள்ளை. ஒவ்வொரு முறை போனை வைத்ததும், சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். அடுத்த முறை என்று தள்ளிப் போடுவேன்.

அழைப்பிதழ் வந்த அன்று கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் அப்பாவைக் கூப்பிட்டேன்.

"பேரு போடலைன்னா போவட்டும். எனக்கு என்னா" என்றார். பிறகு, "மாசி எத்தனாந் தேதி?" என்றார். சொன்னேன். கொஞ்ச நேரம் அறுப்பு மெஷின் வராததைப் பற்றிப் பேசிவிட்டு, "என்னா தேதின்ன?" என்று மறுபடி கேட்டார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"அப்பா, அன்னைக்கு மாஸ்க் விஷயம். சித்தப்பா ஒண்ணும் சொல்லிக் குடுக்கல. நான்தான் பொய் சொன்னேன். போன் உறைஞ்சதும் பொய்தான்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. இந்த முறை உண்மையாகவே நெட்வொர்க் போய்விட்டதோ என்று பார்த்தேன். போகவில்லை. அப்பா போனை வைத்துவிட்டார்.

அரை மணி கழித்து அப்பாவின் எண்ணிலிருந்து வீடியோ கால். எடுத்தால், ஒரே திரையில் இரண்டு தலை. அப்பா, பக்கத்தில் சித்தப்பா. சித்தப்பா வீட்டுக் கூடம். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என்னைத் திட்டினார்கள். அஞ்சரை வருஷம்டா என்றார் அப்பா. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடா என்றார் சித்தப்பா. அப்பா மூச்சு வாங்க நிறுத்தினால் சித்தப்பா பிடித்துக்கொண்டார், சித்தப்பா நிறுத்தினால் அப்பா. நான் எதிர்பார்த்த சமாதானம் இப்படி இல்லை. ஆனால் இரண்டு பேர் குரலையும் சேர்த்துக் கேட்டதில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

"உங்களுக்குத் தெரியுமா சித்தப்பா, நான் நடிச்சேன்னு?"

"தெரியாம? நீ கல்லு மாதிரி உக்காந்திருக்க, பின்னாடி பாப்பா பழத்தைத் தின்னுக்கிட்டு நடந்து போவுது. வீட்டுல உன் ஒருத்தனுக்கு மட்டும் எப்படிடா நெட்வொர்க் போவும்?"

"அப்புறம் ஏன் நீங்க சொல்லல?"

சித்தப்பா அண்ணனைப் பார்த்தார். அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நான் எதிர்வீட்டுல இருக்கேன். சண்டை போட்டாலும் தினம் மூஞ்சியப் பாப்பேன். உனக்கும் உங்கப்பாவுக்கும் அந்தப் போன் ஒண்ணுதான்டா இருக்கு. அதையும் நான் ஏன் கெடுக்கணும்?"



அழைப்பிதழ் ஏற்கெனவே அச்சாகி வந்துவிட்டது. அப்பாவின் பெயரைச் சின்னச் சின்னச் சீட்டுகளாக அடித்து, ஒவ்வொரு அழைப்பிதழிலும் முதல் வரிக்கு மேல் ஒட்டினார்கள். ஒட்டியது அப்பாவே. கோணலாக ஒட்டிவிட்டதாகச் சித்தப்பா சொன்னார். இரண்டு பேரும் மறுபடி சண்டை போட ஆரம்பித்துவிட்டார்கள் என்று அம்மா நிம்மதியாகச் சொன்னாள்.

7

கயலுக்கு இப்போது பதினைந்து. தமிழில் கேட்டால் சுவீடிஷில் பதில் சொல்கிற வயது. பள்ளியில் விடுப்புக்கு ஒரு படிவம். காரணம்: தாத்தாவின் தம்பிக்குத் திருமணம். அவருக்கு இது முதல் திருமணமா என்று கேட்டார்கள். இல்லை, அதே மனைவியுடன் இரண்டாவது என்றேன். பிரிந்தவர்கள் சேர்வதற்குப் பள்ளியின் வாழ்த்துகள் என்று எழுதி அனுமதி கொடுத்தார்கள். நான் திருத்தப் போகவில்லை. ஒரு விதத்தில் அது சரியாகத்தான் இருந்தது.

திருக்கடையூரில் அன்று எந்தப் பக்கம் திரும்பினாலும் மாப்பிள்ளையும் பொண்ணும்தான். மாலை போட்ட அறுபதுகள், எழுபதுகள், கைத்தாங்கலாக நடக்கிற எண்பதுகள். பிராகாரத்தில் தூணுக்கு ஒரு கல்யாணம். எங்கள் தூணில், தட்டிலிருந்து தாலியை எடுத்துத் தம்பி கையில் கொடுத்தது அப்பா. சித்தப்பா குனிந்துகொண்டார்.

கலசத் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தார்கள். முதலில் அப்பா. அன்றைக்கு ஊற்றாமல் போனவன் தலையில் ஒரு குடம் முழுவதையும் கவிழ்த்தார். அடுத்து அம்மா, அத்தை, பிள்ளைகள், கயல் எல்லோரும் கிட்டே போய்த் தொட்டு ஊற்றினார்கள். என் முறை வந்தது. குடத்தை எடுத்துக்கொண்டு கிட்டே போனேன்.

விசில் சத்தம் கேட்டது. மாலையும் கழுத்துமாக, ஈரத்தோடு, பலகையில் உட்கார்ந்தபடியே சித்தப்பா ஊதினார். விசிலை எங்கே ஒளித்து வைத்திருந்தார் என்று தெரியவில்லை.

"அங்கேயே நில்லு. நீ சுவீடன்காரன். ஆறடி."

எல்லோரும் சிரித்தார்கள். தூணுக்குப் பின்னாலிருந்து அப்பா அந்தக் குழாயைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதே குழாய், அதே புனல். கழுவி, மஞ்சள் பூசி, பொட்டு வைத்து. அதை முக்காலியில் ஏற்றிச் சாய்வு பார்த்ததும் அப்பாதான். களத்தில் நனைந்த அதே குருக்கள் அதைப் பார்த்ததும் மந்திரத்தை நிறுத்தாமலே நாலு அடி நகர்ந்து நின்றார்.

கேலிதான். எனக்குத் தெரியும். நானும் சிரித்துக்கொண்டுதான் போய் நின்றேன். ஆனால் கயல் வரைக்கும் எல்லோரும் கிட்டே போய்த் தொட்ட அந்த இரண்டு பேரின் தலைக்கும், குழாயின் இந்த முனையில் இருந்த எனக்கும் நடுவில் ஆறடி இருந்தது. பதினேழு வருடமாக நான் எல்லாவற்றையும் இந்த முனையிலிருந்துதான் ஊற்றிக்கொண்டிருக்கிறேன் என்று அப்போது தோன்றியது. புனலில் தண்ணீரை விட்டேன். அது குழாய்க்குள் ஓடுகிற சத்தம் கேட்டது. அந்த முனையில் சித்தப்பா தலையிலும் சித்தி தலையிலும் விழுந்தது. இந்த முறை சுத்தமான தண்ணீர்.

குடம் காலியான பிறகும் அதைக் கவிழ்த்தபடியே நின்றேன். கையை இறக்க முடியவில்லை. சித்தப்பா முகத்தை வழித்துக்கொண்டு, குழாய் நெடுகப் பார்த்தார்.

"என்னடா, அசையாம நிக்கிற. மறுபடி நெட்வொர்க் போயிடுச்சா?"

எனக்குப் பின்னால் கயல் இருந்தாள். எட்டி என் முகத்தைப் பார்த்தாள். பிறகு, தன்னிடம் இருக்கிற கொஞ்சம் தமிழில், பிராகாரம் முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"இல்ல சின்னத் தாத்தா. அப்பா அழறாரு."